டிக்பியைப் பார்த்தியாம்மா?

எம்.ஏ. வரலாறு கடைசி செமஸ்டரில் ஆய்வுக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, 1876-78 பஞ்சத்தில் சேலம் மாவட்டம். எங்கள் பக்கத்தில் அதற்கு இன்றும் தாது வருஷப் பஞ்சம் என்றுதான் பெயர். வீட்டில் யாராவது தட்டில் சோற்றைக் குவித்துக்கொண்டு அவசர அவசரமாகச் சாப்பிட்டால் அப்பாயி, "தாது வருசத்துல பொறந்தவனாட்ட திங்கறான் பாரு" என்பார். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்ததால்தான் தலைப்பே தோன்றியது.

முதல் வரைவை எடுத்துக்கொண்டு கைடு அறைக்குப் போனேன். 28 பக்கம், 41 அடிக்குறிப்பு. அடிக்குறிப்பு நிறைய இருந்தால் நல்ல ஆய்வு என்று அப்போது நம்பியிருந்தேன். மேடம் முதல் பக்கத்தைப் படித்தார், பேனாவை எடுத்து ஒரே ஒரு வாக்கியத்தை வட்டமிட்டார். "தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர்." அதற்கு நான் போட்டிருந்த அடிக்குறிப்பு: வில்லியம் டிக்பி, 'தி ஃபேமின் கேம்பெய்ன் இன் சதர்ன் இந்தியா', 1878.

"டிக்பியைப் பார்த்தியாம்மா?"

பார்க்கவில்லை. ஓர் இணையதளக் கட்டுரையில் அந்த எண்ணும், அதன் கீழே டிக்பியின் பெயரும் இருந்தன. இணையதளத்தைக் காட்டினால் மதிப்பு குறைவு, டிக்பியைக் காட்டினால் கனமாக இருக்கும் என்று நினைத்து அவர் பெயரையே போட்டுவிட்டேன். அப்படித்தான் எல்லாரும் செய்கிறார்கள் என்றும் நினைத்திருந்தேன்.

மேடம் கோபப்படவில்லை. "சரி, டிக்பியை அப்புறம் பார்க்கலாம். பஞ்சத்துக்கு முன்னாடி சென்னை மாகாணத்துல மொத்தம் எத்தனை பேர் இருந்தாங்க?" என்று கேட்டார். அதுவும் எனக்குத் தெரியவில்லை. "அதைப் பார்த்துட்டு வா. மத்ததைப் பிறகு பேசலாம்" என்று வரைவை மூடிக் கொடுத்துவிட்டார்.

அன்று மாலையே தேடினேன். 1871 கணக்கெடுப்பின்படி மாகாணத்தில் இருந்தவர்கள் சுமார் 3 கோடியே 12 லட்சம் பேர். 1881-ல் சுமார் 3 கோடியே 8 லட்சம். இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி, நடுவில் என் ஒரு கோடியை எழுதிப் பார்த்தேன். மூன்று பேரில் ஒருவர் செத்திருந்தால், பஞ்சம் முடிந்து மூன்றே ஆண்டுகளில் எடுத்த கணக்கில் மக்கள்தொகை ஏறக்குறைய பழைய இடத்துக்கு வந்திருக்க வழியே இல்லை. ஆவணக் காப்பகம் வேண்டாம், ஆங்கிலப் புத்தகம் வேண்டாம். பள்ளிக்கூடக் கழித்தல் கணக்கே என் வாக்கியத்தைத் தள்ளிவிடப் போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு எந்த ஆய்விலும் பெரிய எண் ஒன்றைக் கண்டால் நான் முதலில் செய்வது இதுதான். பக்கத்தில் இன்னொரு எண்ணை வைத்துப் பார்ப்பேன். பஞ்சச் சாவு என்றால் மொத்த மக்கள்தொகை, நிவாரணச் செலவு என்றால் அந்த ஆண்டின் மொத்த வரவு, ஒரு ஆளுக்கான கூலி என்றால் அன்றைய அரிசி விலை. தனியாக நிற்கும் எண் பெரியதா சிறியதா என்று நமக்குத் தெரியாது. துணைக்கு ஒன்று வந்தால்தான் தெரியும்.

டிக்பியைத் தேடியது அடுத்த வேலை. 1878 நூல் இரண்டு தொகுதிகள். இன்டர்நெட் ஆர்க்கைவில் ஸ்கேன் செய்த பிரதி கிடைத்தது. இரண்டு இரவு உட்கார்ந்து புரட்டினேன். என் ஒரு கோடி அங்கே எங்கும் இல்லை. மூன்றாம் நாள் காலையில்தான் எனக்கு உறைத்தது. அந்த எண்ணோடு இணையத்தில் வழக்கமாக வரும் ஆண்டுகள் 1876 முதல் 1879 வரை. 1878-ல் அச்சான புத்தகத்தில் 1879 வரைக்குமான சாவுக் கணக்கு எப்படி இருக்கும்? அட்டையில் உள்ள ஆண்டை மட்டும் கவனித்திருந்தால் இரண்டு இரவும் மிஞ்சியிருக்கும்.

உண்மையில் ஒரு கோடியே 3 லட்சம் என்ற மதிப்பீடு டிக்பி 1901-ல் எழுதிய வேறொரு நூல் வழியாக வருவது. அவர் அங்கே பேசுவது சென்னை மாகாணத்தை மட்டும் பற்றியது அல்ல, இந்தியா முழுவதையும் பற்றியது. பிற்காலத்தில் மைக் டேவிஸ் 'லேட் விக்டோரியன் ஹாலோகாஸ்ட்ஸ்' என்ற நூலின் தொடக்கத்தில் ஓர் அட்டவணை போட்டு, இந்தியாவில் 1876-79 சாவுக்கு மூன்று மதிப்பீடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். டிக்பி ஒரு கோடியே 3 லட்சம், அரூப் மகாரத்னா 82 லட்சம், சீவாய் 61 லட்சம். இவை போக, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிக்கு மட்டும் என்று 55 லட்சம் என்ற எண்ணும் நெடுங்காலமாகப் புழங்குகிறது. அதில் சமஸ்தானங்கள் சேராது.

ஆக, நான்கு எண்கள். முதலில் இவற்றைப் பார்த்தபோது நான்கு பேரில் மூன்று பேர் தப்பு, ஒருவர் சரி, அந்த ஒருவர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை என்று நினைத்தேன். மேடம் அதைத் திருத்தினார். ஒவ்வொரு எண்ணையும் மூன்று கேள்வி கேட்கச் சொன்னார். எந்த எல்லைக்குள்? எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை? எண்ணியவர் எப்படி எண்ணினார்? பதிவான சாவை வைத்தா, வழக்கமான ஆண்டின் சாவோடு ஒப்பிட்டு மிகுதியைக் கணக்கிட்டா, இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவே விழுந்த குறைவை வைத்தா? இந்த மூன்றையும் கேட்ட பிறகு நான்கு எண்களும் நான்கு வேறு கேள்விகளுக்கான விடைகளாகத் தெரிந்தன. என் இணையதளக் கட்டுரை செய்த பிழை, இந்தியாவுக்கான எண்ணைச் சென்னை மாகாணத்தின் தலையில் ஏற்றி, 1901 நூலின் எண்ணுக்கு 1878 நூலின் பெயரைப் போட்டது. அந்தப் பிழையை நான் டிக்பியின் பெயரில் இன்னும் ஓர் அடி தள்ளிக்கொண்டு போனேன்.

இதில் வெறும் ஒழுங்கு விதி என்று தோன்றக்கூடிய ஒன்று இருக்கிறது. நாம் பார்த்ததைத்தான் மேற்கோள் காட்ட வேண்டும். டேவிஸின் நூலில் டிக்பியைப் படித்தால், "டிக்பி, டேவிஸ் வழியாக" என்று எழுத வேண்டும். அப்படி எழுதுவதில் குறைவு ஒன்றுமில்லை. நான் வந்த வழியைப் படிப்பவர் அறிந்துகொள்வார். வழியில் யாராவது தடுக்கி விழுந்திருந்தால் அந்த இடத்தையும் அவர் கண்டுபிடிக்க முடியும். வழியை மறைத்துவிட்டால் பிழை எந்தக் கையில் நுழைந்தது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

இணையத்தில் கிடைத்த ஒரு பிஎச்.டி. ஆய்வேட்டிலிருந்தும் ஐந்தாறு அடிக்குறிப்புகளை அப்படியே எடுத்திருந்தேன். எல்லாவற்றையும் மூலத்தில் போய்ப் பார்த்தேன். இரண்டில் பக்க எண் வேறாக இருந்தது. ஒன்றில் தொகுதி எண்ணே இல்லை. இரண்டு தொகுதி நூலுக்கு வெறும் "பக்கம் 212" என்றால் எந்த 212? இன்னொன்று, ஸ்கேன் பிரதியில் கணினி காட்டும் பக்க எண்ணும் தாளில் அச்சான பக்க எண்ணும் ஒன்றல்ல. முன்னுரை, படங்கள், வெற்றுத் தாள்கள் எல்லாம் சேர்ந்து இருபது முப்பது பக்கம் தள்ளிப்போகும். அச்சில் உள்ள எண்ணைத்தான் எழுத வேண்டும். சின்ன விஷயம், ஆனால் நூலகத்தில் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடுகிறவருக்கு இது பெரிய விஷயம்.

எண்களை விட எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது ரிச்சர்ட் டெம்பிளும் கார்னிஷும் போட்ட சண்டை.

1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன், டெம்பிள் என்ற பிரிட்டிஷ் அதிகாரியைச் சென்னைக்கு அனுப்பினார். செலவைக் குறைக்க வேண்டும் என்பது நோக்கம். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஒரு ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று டெம்பிள் கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் நம் கணக்கில் அரைக் கிலோவுக்கும் குறைவு. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்தார். வேலை செய்கிற உடம்புக்கு ஒன்றரை பவுண்டு தானியமும், அதோடு பருப்பு, காய்கறியும் வேண்டும் என்பது அவர் வாதம். அந்த ஆண்டிலேயே கூலி உயர்த்தப்பட்டது.

முதல் வரைவில் நான் கார்னிஷை நல்லவர் பக்கத்திலும் டெம்பிளைக் கெட்டவர் பக்கத்திலும் வைத்து, டெம்பிளின் குறிப்புகளை ஒதுக்கிவிட்டு எழுதியிருந்தேன். ஒருதலைப்பட்சமான ஆதாரம், எனவே பயனில்லை என்று ஒரு வரியும் சேர்த்திருந்தேன். மேடம் அந்த வரியை அடித்தார். டெம்பிள் ஏன் அப்படி எழுதினார் என்று தேடச் சொன்னார். தேடியபோது, இதே டெம்பிள் 1873-74 பீகார் பஞ்சத்தில் தாராளமாகத் தானியம் வாங்கி மக்களைக் காப்பாற்றியவர் என்றும், பணத்தை வீணாக்கினார் என்று அதற்காகக் கடுமையாகத் திட்டு வாங்கியவர் என்றும் தெரிந்தது. சென்னையில் அவர் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பின்னால் அந்தப் பழைய திட்டு நிற்கிறது. அதை அறிந்து படித்தால் அவருடைய குறிப்புகள் பொன்னான ஆதாரம். பஞ்சக் களத்தில் என்ன நடந்தது என்பதை விட, மேலிடத்துக்கு எது சொன்னால் பிடிக்கும் என்று ஓர் அதிகாரி நினைத்தார் என்பதற்கு அவை நேரடிச் சான்று.

கார்னிஷுக்கும் ஒரு பின்னணி உண்டு. சென்னை மாகாணத்தின் 1871 கணக்கெடுப்பு அறிக்கையை எழுதியவரே அவர்தான். மக்களை எண்ணிய கைதான் ஆறு ஆண்டு கழித்து அவர்களுக்கு எவ்வளவு சோறு வேண்டும் என்று வாதாடியது. இதை அறிந்த நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. இரண்டு தனித்தனி அடிக்குறிப்புகளில் இருந்த பெயர்கள் ஒரே மனிதராகிப் போனார்கள். டிக்பியும் அப்படித்தான். அவர் பத்திரிகை ஆசிரியர் மட்டும் இல்லை, இங்கிலாந்திலிருந்து வந்த நன்கொடையைப் பங்கிட்ட நிவாரணக் குழுவின் கௌரவச் செயலாளரும்கூட. தான் செய்த வேலையைப் பற்றித் தானே எழுதியவர். அவரை நம்பக் கூடாது என்பதல்ல. எந்த இடத்தில் நின்று எழுதினார் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு மேற்கோள் காட்டினால் படிப்பவர் தானே எடைபோட்டுக்கொள்வார்.

டெம்பிள் கூலியைப் பற்றி இணையத்தில் ஓர் ஒப்பீடு சுற்றுகிறது. அது தந்தது 1627 கலோரி, ஹிட்லரின் புச்சன்வால்ட் முகாமில் கொடுத்ததே 1750 கலோரி என்று. இது ஏதோ பிரிட்டிஷ் கோப்பில் இருப்பதைப் போலவே பலரும் எழுதுகிறார்கள். இது டேவிஸ் தம் நூலில் போட்ட ஒப்பீடு. 1877-ன் அளவை இன்றைய கலோரிக் கணக்கில் மாற்றிய பிற்கால வேலை. வலுவான வாதம்தான், நானும் பயன்படுத்தினேன். ஆனால் "டேவிஸ் கணக்கிடுகிறார்" என்றுதான் வாக்கியத்தைத் தொடங்கினேன். அக்காலத்தவர் எழுதி வைத்தது எது, இக்காலத்தவர் அதை வைத்துக் கணக்கிட்டது எது என்ற கோட்டை மாணவர்கள் கலைத்துவிடக் கூடாது என்று நான் பிடிவாதமாகவே சொல்வேன்.

சரி, சேலத்துக்கு வருகிறேன். 1871-ல் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 19,66,995. 1881-ல் 15,99,595. குறைவு 3,67,400. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. இந்த எண் கிடைத்த அன்று எனக்குக் கை நடுங்கியது. உடனே "சேலத்தில் 3,67,400 பேர் பஞ்சத்தில் மாண்டனர்" என்று எழுதினேன். எழுதிவிட்டு, அந்த மூன்று கேள்விகளையும் நானே கேட்டுப் பார்த்தேன். குறைந்தவர்கள் எல்லாரும் செத்தவர்களா? பஞ்சம் பிழைக்கப் பக்கத்து மாவட்டங்களுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் போனவர்கள் இந்தக் குறைவில் இருக்கிறார்கள். பட்டினி காலத்தில் குழந்தை பிறப்பும் குறையும், பிறக்காத குழந்தைகளும் இந்தக் குறைவில் இருக்கிறார்கள். மறுபுறம், 1871-க்கும் பஞ்சத்துக்கும் இடையே மக்கள்தொகை கூடியிருக்கும். அப்படியானால் உண்மையான இழப்பு இந்தக் குறைவை விடவும் பெரியதாக இருக்கலாம். இந்த எண் சாவின் எண்ணிக்கை ஆகாது. மாவட்டம் காலியானதின் அளவு, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அடுத்த சிக்கல், எந்தச் சேலம் என்பது. அன்றைய சேலம் மாவட்டத்தில் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் அடக்கம், திருப்பத்தூரும் அதில்தான் இருந்தது. லெ ஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேடு 1883-ல் வந்தது, அவர் பேசுவது இந்தப் பெரிய சேலம். ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் கெஜட்டியர் 1918-ல் வந்தது. அதற்குள் நாமக்கலும் திருப்பத்தூரும் வேறு மாவட்டங்களோடு சேர்க்கப்பட்டுவிட்டன. இரண்டு நூலின் அட்டையிலும் சேலம் என்றுதான் இருக்கும். ஒன்றிலிருந்து ஓர் எண், இன்னொன்றிலிருந்து ஓர் எண் எடுத்துக் கழித்தால் பஞ்சத்தோடு இரண்டு தாலுகாக்களையும் சேர்த்துக் கொன்றுவிடுவோம். என் கட்டுரையில் அன்றைய மாவட்ட எல்லையைக் காட்டும் வரைபடம் ஒன்றைச் சேர்த்தது இதனால்தான்.

எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போனது அதற்கு அடுத்த மாதம். சேலத்திலிருந்து நைட் ட்ரெயின், காலையில் எழும்பூர், கல்லூரிக் கடிதம் கையில். பழைய தாள்களின் வாசனை, பென்சிலால் மட்டும் குறிப்பெடுப்பது எல்லாமே புதிது. சேலம் கலெக்டரிடமிருந்து போன கடிதங்களைப் படிக்கப் படிக்க நேரம் போனதே தெரியவில்லை. விஷயத்தையெல்லாம் மூச்சுவிடாமல் எழுதிக்கொண்டேன். ஊருக்கு வந்து நோட்டைப் பிரித்தால், எட்டுப் பக்கக் குறிப்பில் எதற்கும் அரசாணை எண் இல்லை, துறை இல்லை, சிலவற்றுக்குத் தேதியும் இல்லை. ஆவணக் காப்பகத்தில் புத்தகத் தலைப்பு, ஆசிரியர் என்று ஒன்றும் கிடையாது. துறை, அரசாணை எண், தேதி, இந்த மூன்றும்தான் அந்தத் தாளின் முகவரி. முகவரி இல்லாத குறிப்பை ஆய்வில் பயன்படுத்த முடியாது. மறுபடி டிக்கெட் எடுத்து, இரண்டு நாள் விடுப்பு போட்டுப் போனேன்.

அதன் பிறகு ஒரு பழக்கம் வந்தது. எந்த ஆதாரத்தைத் திறந்தாலும் முதலில் நோட்டின் மேல் வரியில் முகவரியை எழுதுவேன். அதற்கப்புறம்தான் படிக்கவே ஆரம்பிப்பேன். ஆவணத்தின் வாசகத்தை அப்படியே எழுதினால் மேற்கோள் குறிக்குள், என் சொல்லில் எழுதினால் ஓரத்தில் "என்" என்று. இது தமிழில் ஆய்வு எழுதுகிறவர்களுக்கு இன்னும் முக்கியம். ஆங்கில நூலில் ஒரு பத்தியைப் படித்துத் தமிழில் எழுதும்போது எல்லாச் சொல்லும் நம் சொல்லாகத் தெரியும், நாமே எழுதியது போன்ற நினைப்பு வந்துவிடும். மொழிதான் மாறியிருக்கிறது, கருத்தும் வரிசையும் அவருடையவை. மொழிபெயர்த்தால் மேற்கோளாகக் காட்டி, "தமிழாக்கம் என்னுடையது" என்று ஒரு முறை அடிக்குறிப்பில் சொல்லிவிட வேண்டும். தமிழ் ஆய்வேடுகளில் இது பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

படத்தின் கதை சுருக்கமானது. எலும்பும் தோலுமாகக் குழந்தைகளும் பெரியவர்களும் உட்கார்ந்திருக்கும் ஒரு புகைப்படத்தை "சேலம், 1877" என்று என் வரைவில் போட்டிருந்தேன். படத்தை வைத்தே தேடும் வசதியில் போட்டுப் பார்த்தால், அதே படம் நாலைந்து இடங்களில் "வங்கப் பஞ்சம், 1943" என்று இருந்தது. இன்னும் தேடியபோது வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி 1876-78-ல் சென்னை மாகாணத்தில் எடுத்த படங்களில் ஒன்று என்று தெரிந்தது. 1943 என்பது தவறு, சேலம் என்பதற்கும் ஆதாரம் இல்லை. "சென்னை மாகாணம், 1876-78, ஹூப்பர்" என்று மாற்றினேன். உறுதியாகத் தெரிந்தவரைக்கும்தான் படவிளக்கம்.

வாய்மொழித் தகவலில்தான் எனக்கு மிகப் பெரிய பாடம் கிடைத்தது. ஓமலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் எண்பத்தைந்து வயது தாண்டிய ஒரு பெரியவரைப் பார்த்தேன். "எங்க அப்பாரு தாது வருசத்துல பஞ்சம் பொழைக்க மேக்க போனாருங்க" என்றார். அப்பாரு என்றால் எங்கள் பக்கத்தில் அப்பாவைப் பெற்ற தாத்தா. எனக்கு ஒரே மகிழ்ச்சி, பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டேன். மேடத்திடம் காட்டியபோது அவர் கேட்டது: "எந்தத் தாது வருஷம்?"

தமிழ் ஆண்டுகள் அறுபது. தாது 1876-77-ல் வந்தது, மறுபடி 1936-37-ல் வந்தது. எனக்கு இது தெரியாததல்ல, தோன்றவில்லை. திரும்பிப் போனேன். பெரியவரிடம் ஆண்டைக் கேட்டுப் பயனில்லை, அவருக்கு அது தாது வருசம்தான். அதனால், "ஐயா, உங்க அப்பாரு மேக்க போறப்ப உங்க அப்பா பொறந்தாச்சுங்களா?" என்று கேட்டேன். "பொறந்து, எங்கம்மாவைக் கட்டியாச்சுங்களே" என்றார். அப்படியென்றால் அது 1876 ஆக முடியாது. அந்தப் பக்கங்களை ஆய்விலிருந்து எடுத்துவிட்டேன். அவர் பொய் சொல்லவில்லை, நான்தான் எனக்குத் தேவையான ஆண்டை அவர் வாயில் வைத்தேன். பழைய தமிழ் நூல்களின் முகப்பில் ஆங்கில ஆண்டு இல்லாமல் தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தாலும் இதே எச்சரிக்கை வேண்டும். அச்சகத்தின் பெயர், உள்ளே வரும் நிகழ்ச்சிகள் இவற்றை வைத்து எந்தச் சுற்று என்று முடிவு செய்துவிட்டு, முடிவு செய்த விதத்தையும் ஒரு வரியில் எழுத வேண்டும்.

இலக்கியத்தை ஆதாரமாகக் கொள்ளலாமா என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். கொள்ளலாம், எதற்கு என்பதில் தெளிவு இருந்தால். சிவகங்கைப் புலவர் வில்லியப்ப பிள்ளை இந்தப் பஞ்சத்தை வைத்துப் பாடிய 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்' இருக்கிறது, பஞ்சக் கும்மிகள் இருக்கின்றன. இவற்றிலிருந்து நான் சாவு எண்ணிக்கை எடுக்கவில்லை. பசியை மக்கள் எந்தச் சொற்களில் பேசினார்கள், யார் மேல் கோபப்பட்டார்கள் என்பதை எடுத்தேன். அந்தக் கேள்விக்கு எந்தக் கலெக்டர் கடிதத்தையும் விட அவை நல்ல சான்று. இந்தப் பஞ்சத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் வரும் உருக்கமான கதைகளில் ஒன்றைத் தேடிப் போனபோது அது ஒரு நாவலில் கொண்டுபோய் விட்டது. நாவல் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்தக் கதையை நடந்த செய்தியாக எழுதவில்லை.

மேற்கோள் முறைகளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எம்.எல்.ஏ., ஏ.பி.ஏ., சிகாகோ, எது வேண்டும் என்று துறையில் கேட்டுவிட்டு, கடைசிவரை ஒன்றையே பிடித்துக்கொண்டால் போதும். ஒரே ஒரு சிக்கலை மட்டும் சொல்ல வேண்டும், நம் பெயர்கள். நூற்பட்டியல் தயாரிக்க உதவும் ஸோடெரோ மென்பொருளில் வில்லியப்ப பிள்ளை என்று ஏற்றினால், கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு "பிள்ளை, வில்லியப்ப" என்று மாற்றிவிடும். நூற்பட்டியலில் எல்லாப் பிள்ளைமாரும் ஒரே இடத்தில், எல்லா ஐயர்களும் ஒரே இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பெயரை ஒரே கட்டத்தில் உள்ளிடும் வசதி அதில் இருக்கிறது, தமிழ்ப் பெயர்களுக்கு அதையே பயன்படுத்துங்கள். தலைப்பெழுத்தை முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்பதிலும் ஒரே முறை இருக்கட்டும்.

இந்த ஆண்டு ஒரு தங்கை அவளுடைய கட்டுரையைப் பார்த்துத் தரச் சொல்லி அனுப்பினாள். சேலம் பஞ்ச நிவாரணத்தைப் பற்றி ஓர் ஆங்கில இதழ்க் கட்டுரையைக் காட்டியிருந்தாள். தலைப்பு, ஆசிரியர், இதழ், தொகுதி, பக்கம் எல்லாம் கச்சிதம். இவ்வளவு பொருத்தமான கட்டுரை என் கண்ணில் எப்படிப் படாமல் போனது என்று எனக்கே திகைப்பு. அந்த இதழின் அந்தத் தொகுதியைத் திறந்து பார்த்தேன். அந்தப் பக்கங்களில் வேறு ஏதோ கட்டுரை இருந்தது. "ஏஐ-ல கேட்டேன்க்கா, அதுதான் கொடுத்துச்சு" என்றாள். ஏஐ-யிடம் கேட்பதில் தப்பில்லை. தேட வேண்டிய சொற்களைச் சொல்லும், எந்தப் பக்கம் போகலாம் என்று காட்டும். விக்கிப்பீடியாவும் அப்படித்தான், கட்டுரையை விடக் கீழே இருக்கும் சான்றுப் பட்டியல்தான் மாணவருக்குப் பயன். ஆனால் எது காட்டினாலும், அந்த நூலை, அந்தப் பக்கத்தை நம் கண்ணால் திறந்து பார்க்கும்வரை அது அடிக்குறிப்புக்குள் போகக் கூடாது. அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி, மேடம் என்னிடம் கேட்டதேதான். அவளும் என்னைப் போலவே தலையைக் குனிந்துகொண்டாள். பயப்படாதே, இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல்லி, இருவரும் உட்கார்ந்து அவளுடைய அடிக்குறிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தோம். பத்தொன்பதில் பன்னிரண்டு நின்றன.

என் கட்டுரை கடைசியில் 28 பக்கத்திலிருந்து 24 ஆனது. 41 அடிக்குறிப்பு 33 ஆனது. வைவாவுக்கு வந்த தேர்வாளர் சேலம் எண்கள் இருந்த பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "பஞ்சத்தைப் பத்தி எழுதியிருக்கீங்க, எத்தனை பேர் செத்தாங்கன்னு ஒரு எண்கூட இல்லையேம்மா?" என்று கேட்டார். இரண்டு கணக்கெடுப்புக்கும் இடையில் 3,67,400 பேர் குறைந்ததைச் சொன்னேன். அதில் செத்தவர், ஊரை விட்டுப் போனவர், பிறக்காதவர் என்று பிரிக்க என்னிடம் இருந்த ஆவணங்கள் போதவில்லை, அதனால் குறைவை மட்டும் குறைவு என்றே எழுதினேன் என்றேன். அவர் அந்த அடிக்குறிப்பைப் படித்தார். அன்றைய மாவட்ட எல்லையைக் காட்டும் வரைபடத்தைச் சிறிது நேரம் பார்த்தார். "இதுல ஊத்தங்கரை எங்கே வருது?" என்று கேட்டு, எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார்.